தாய்மாமன் சட்டையும் நகராத பச்சைக் கோடும்

மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, பழக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற கம்ப்யூட்டர் கடை தேன்மொழியுடையது. போட்டோ, ஜெராக்ஸ், ரேஷன் கார்டுக்குக் கைரேகை, விசேஷ வீட்டு வீடியோ, எல்லாம் அந்த ஒற்றை அறையில்தான். தினமும் அதே மலையில் பெரக்கரை நாடு என்கிற பகுதியிலிருந்து கணவனின் பிக்கப் வண்டியில் வந்து கடையைத் திறப்பாள். திறந்ததிலிருந்து ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். ஒரு கை மவுசில் இருந்தால் மறு கை எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு அவளால் ஓர் இடத்தில் நிற்கக்கூட முடியவில்லை.

திரையில் ஒரு பச்சைக் கோடு. மகள் பூங்குழலியின் காதுகுத்து வீடியோ பென் டிரைவில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறிக்கொண்டிருந்தது என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். நெல்மணியளவு நகரும், நின்றுவிடும், யோசிக்கும்.

வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்றவர் கோகுல்நாத். மலையடிவாரத்துக்காரர். சார்ஜாவில் தேன்மொழியின் அண்ணன் மணிவண்ணனோடு ஒரே அறையில் இருப்பவர். லீவு முடிந்து மறுநாள் விடியற்காலையில் திருச்சியிலிருந்து விமானம். பென் டிரைவை வாங்கிக்கொண்டு போகத்தான் மலையேறி வந்திருந்தார். வரப்போகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டின பிறகு. அதில் மலையிறங்கினால் நேரத்துக்குத் திருச்சிக்குப் போய்ச் சேர முடியாது.

காலையில் அவர் வந்ததும் தேன்மொழி முதலில் கேட்டது, குழந்தைக்கு அண்ணன் ஏதாவது கொடுத்தனுப்பினானா என்பதைத்தான். கோகுல்நாத் ரோட்டைப் பார்த்தார்.

"கேட்டேனுங்க. ஒண்ணுமில்லைன்னுட்டான்."

அந்த ஒண்ணுமில்லையில்தான் விஷயமே இருந்தது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மணிவண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஃபோனிலாவது பார்க்கட்டும் என்று வீடியோ கால் போட்டுப் பந்தல் காலில் ஃபோனைக் கட்டி வைத்தார்கள். பெரியப்பா மகன் மணையில் உட்கார்ந்து குழந்தைக்குக் கை நீட்டியதை மணிவண்ணன் பார்த்தான். சரியாக அந்நேரம் டவர் போய்விட்டது. மலையில் இருப்பவர்களுக்கு டவர் போவது மழை வருவது மாதிரி. ஆனால் எங்கேயோ ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, தன் இடத்தில் இன்னொருவனை உட்கார வைத்துவிட்டு வேண்டுமென்றே துண்டித்தது போலப் பட்டுவிட்டது. அதற்குப் பிறகு தங்கை கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஏதாவது அனுப்பினால் திறப்பதில்லை.

அவன் பார்க்காதது ஒன்று உண்டு. டவர் போனதும் தேன்மொழி காது குத்த வந்த ஆசாரியை நிறுத்தச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். பெட்டியில் கிடந்த அண்ணனின் கட்டம் போட்ட சட்டையை எடுத்து வந்து பெரியப்பா மகன் மடியில் விரித்து, அதன்மேல் குழந்தையை உட்கார வைத்தாள். ஸ்டாண்டில் நின்ற கேமரா அதை எடுத்திருந்தது. கோகுல்நாத் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டினால் அண்ணன் பார்ப்பான். பார்த்தால் போதும்.

பார்க்கப் போகிறவன் அண்ணனாயிற்றே என்று வாரக்கணக்கில் அதை வெட்டினாள், ஒட்டினாள், பாட்டைச் சேர்த்தாள், பிடிக்காமல் எடுத்தாள். முடித்தது அன்று காலையில். முழுவதும் ஒரே வீடியோ. இனி வெட்டிச் சின்னதாக்க உட்கார்ந்தால் அதற்கே சாயங்காலமாகிவிடும்.

திரையை ஃபோனில் படம் பிடித்துக்கொள்கிறேனே என்றார் கோகுல்நாத். தேன்மொழி வேண்டாமென்றுவிட்டாள். ஃபோனில் வந்த மனக்கசப்பை ஃபோனிலேயே தீர்க்க அவளுக்குத் தைரியமில்லை.

பென் டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகினாள். வைரஸ் பார்க்கிற வேலையை நிறுத்தினாள். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். அது விழிக்கிற வரை வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தாள். பென் டிரைவ் போலியோ என்று சந்தேகம் வந்து, தன்னுடைய பழையதைச் செருகிப் பார்த்தாள். அதுவும் அதே நடைதான். அப்படியானால் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம்.

ஸ்டூலில் பாப்பாத்தி அத்தை உட்கார்ந்திருந்தாள். ரேஷன் கார்டுக்குக் கைரேகை வைக்க வந்தவள். பக்கத்தில் பஸ்ஸில் ஏற்றிவிடக் கொண்டு வந்த பலாப்பழம். அவள் விரல் தேய்ந்துபோன விரல். மிளகு பறித்தும் கிழங்கு பிடுங்கியும் ரேகை அழிந்து, கருவி அவளை அவளென்று ஒப்புக்கொள்ள வெகுநேரம் பிடிக்கும்.

"ஏங் கண்ணு, அந்தப் பொட்டிய மொறச்சா நகருமா? நா மொறச்சே எங்கூட்டுக்காரரு நகரலை."

கோகுல்நாத் சிரித்தார். தேன்மொழி சிரிக்கவில்லை. பென் டிரைவைத் திரும்பச் செருகினாள். திரையின் மூலையில் வழக்கமான சின்ன அறிவிப்பு எட்டிப் பார்த்தது. தினமும் வருவதுதான், விளம்பரமென்று நினைத்துப் படிக்காமலே மூடுவாள். இப்போதும் மவுஸ் அதை மூடத்தான் போனது. வேறு வழி தெரியாததால் படித்தாள். இந்தக் கருவி இதைவிட வேகமாக ஓடும், வேகமான இடத்தில் செருகு என்று இங்கிலீஷில் இருந்தது.

கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் ஒரே ஒரு யுஎஸ்பி ஓட்டை. அதில், ஒன்றை நாலாகப் பிரிக்கிற, நாலு வாய் கொண்ட ஒரு இணைப்புத் துண்டு. அந்த நாலு வாயிலும் மவுஸ், பிரிண்டர், கைரேகைக் கருவி, பென் டிரைவ். எல்லாவற்றுக்கும் ஒரே ஒற்றையடிப் பாதை.

"அத்தை, விரலை எடுங்க."

"இப்பத்தான வெக்கச் சொன்ன? கார்டு வந்துருச்சா?"

நாலு வாயையும் பிடுங்கிவிட்டு பென் டிரைவை நேராகச் செருகினாள். கோடு கொஞ்சம் சுறுசுறுப்பானது. அவ்வளவுதான், பஸ்ஸுக்குள் முடியாது. எரிச்சலில் உருவியபோதுதான் பென் டிரைவின் வாய்க்குள் இருந்த நீல நாக்கைக் கவனித்தாள். முன்பக்க ஓட்டை கறுப்பு. நாமக்கல்லில் வாங்கும்போது, நீல ஓட்டைதான் வேகமுங்க என்று கடைக்காரர் தொட்டுக் காட்டியது ஞாபகம் வந்தது. தொட்டது பின்பக்கத்தில்.

பின்பக்கத்தை அவளேதான் அடைத்திருந்தாள். ஐப்பசி மூட்டம் கடைக்குள் புகுந்தால் சுவரே வியர்க்கும். முந்தின கம்ப்யூட்டரில் பின்பக்க ஓட்டைகள் துருப்பிடித்து, ஒன்றில் எறும்பு குடிவந்து, அதோடு அது போயிற்று. சோளக்காட்டுக் கடைகளில் உபயோகமில்லாத பிளக் பாயிண்டுக்கெல்லாம் கறுப்பு டேப் ஒட்டுகிற வழக்கம்தானே என்று, புதியது வந்த அன்றே யுஎஸ்பி ஓட்டை ஒன்று விடாமல் ஒட்டி, பின்பக்கத்தைச் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டாள். காப்பாற்றிய திருப்தியில் மறந்தும்விட்டாள்.

கோகுல்நாத் மேஜையைப் பிடித்து இழுத்தார். டேப் சூட்டிலும் ஈரத்திலும் இளகி ஒட்டிக்கிடந்தது. நகத்தால் சுரண்டினாள், பல்லால் கடித்தாள். உள்ளே நீலம், துருவில்லாமல், வாங்கிய மேனிக்கு இருந்தது. பென் டிரைவ் சரக்கென்று இறங்கியது. பச்சைக் கோடு இந்தமுறை கண்ணெதிரே வளர்ந்தது.

வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

கோடு பாதி தாண்டியிருந்தது. கோகுல்நாத் ஒரு காலை ரோட்டிலும் ஒரு காலைக் கடையிலுமாக நின்றார். பாப்பாத்தி அத்தை எழுந்தாள். பலாப்பழத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய் பஸ் படியில் ஒரு காலை வைத்து நின்றாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் என்றார்.

"ஏனுங்க, பழம் என்ன சீட்டுலயா உக்காருது?"

அவர் சட்டம் பேசினார். அவள் பழத்தின் குணம் பேசினாள். பின்னால் நின்றவர்கள் ஏற முடியவில்லை. கடைசியில் கண்டக்டர், எங்கேதான் போகிறாய் என்று கேட்டார்.

"நானா? நா எங்கீங்க போறேன். பழம் மட்டும் தனியா வருமான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அதற்குள் கோடு முடிந்திருந்தது. தேன்மொழி ஓடிவந்து பென் டிரைவைக் கோகுல்நாத் சட்டைப்பைக்குள் போட்டாள். அவரை ஏற்றிக்கொண்டு பஸ் மலையிறங்கி மறைந்தது. மறைந்த பிறகுதான் அவளுக்கு அடுத்த பயம் பிடித்தது. முறைப்படி எடுத்தோமா, அவசரத்தில் பிடுங்கினோமா? முழுதாக ஏறியிருக்குமா? அங்கே போய்த் திறக்காவிட்டால்? அத்தையின் விரலை மறுபடி கருவியில் வைத்து அழுத்தினாள். அழுத்தினது வலிக்கிறது என்று அத்தை சொல்கிறவரை விடவில்லை.

அடுத்து வந்த நாட்களில் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தாள். டவருக்காகக் கடை வாசலில் நின்றே ஜெராக்ஸ் எண்ணிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை சந்தைக் கூட்டத்தில் அது அடித்தது.

எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் மணிவண்ணன் கேட்கவில்லை.

"பாக்கெட்டு கிழிஞ்ச சட்டைதான் கெடச்சுதா உனக்கு? நாலு பேரு பாக்கற எடத்துல."

"நீ உட்டுட்டுப் போனது அது ஒண்ணுதாண்ணா."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். டவர் கோடு ஒன்றுகூட இல்லை. ரோட்டின் நடுவுக்கு ஓடினாள். வாழைத்தார் ஏற்றிய லாரிக்காரர் பிரேக் போட்டுத் திட்டினார். ஃபோனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்து நின்றாள், இவன் மறுபடி என்ன நினைத்துக்கொள்வானோ என்று.

கைக்குள்ளேயே அது அடித்தது.

"டவருதான போச்சு?" என்றான் மணிவண்ணன்.