கைமாறிய கிளாஸ்

அந்தக் கிளாஸை நான் ஏன் கையில் வாங்கினேன்? இரண்டு மாதமாக யோசிக்கிறேன். 

ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். மகனுக்கு எட்டு மாதம். அவனுக்குப் பனி காட்டவென்று கணவர் எங்களைச் சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து நாலு மணித்தியாலம் கார் ஓடி ஒரேஞ்ச் என்கிற ஊருக்குக் கூட்டிப்போனார். மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள். கொடிகளில் ஓர் இலைகூட இல்லை. கத்தரித்த தடிகள் வரிசைகளுக்கு நடுவே கிடந்தன. பனி மலையுச்சியில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. பிள்ளைக்குக் குளிரப்போகிறது என்று நான்தான் அவசரப்படுத்தினேன். ஒரு தோட்டத்தில் வைன் சுவைத்துப் பார்க்கும் அறைக்குள் போனோம். உள்ளே விறகு எரிந்துகொண்டிருந்தது.

இந்த உயரத்தில் பழம் ஆறுதலாக, மெல்லத்தான் பழுக்கும், அதனால் இங்கத்தைய சிவப்பு வைனில் மிளகு மணக்கும் என்றார் ஊற்றிக்கொடுத்த பெண். பால் கொடுக்கிறேன், வேண்டாம் என்றேன். மணந்தாவது பார் என்றார். கணவரின் கிளாஸை வாங்கி மணந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இடித்த மிளகேதான். அந்த வாசம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து மாமி, கணவரின் அம்மா, வீடியோ கோல் எடுத்தார். தினமும் பேரனைப் பார்க்கிற நேரம் அது. "இதை ஒருக்காப் பிடியும்," என்று கணவர் கிளாஸை என் கையில் வைத்துவிட்டு, போனை என் மடியிலிருந்த பிள்ளையின் பக்கம் திருப்பினார்.

மாமியின் கண் திரையில் என் கையிலிருந்த கிளாஸில் நின்றது. பிறகு, "ஓம் பிள்ளை, அங்க சரியான குளிர்தானே. பாலோட போனால் பேரனுக்கும் குளிராது," என்றார்.

கணவரைப் பார்த்தேன். போனைப் பிடித்த கை அசையவில்லை. முகம் மட்டும் யன்னல் பக்கம் திரும்பியிருந்தது. நான் குடிக்கவில்லை மாமி என்றேன். என் குரலை நானே நம்பியிருக்க மாட்டேன்.

கிளாஸ் உங்களுடையது என்று ஏன் சொல்லவில்லை என்று திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "உம்மை ரெண்டு நாள் பேசுவா, மறந்திடுவா. நான் எண்டு தெரிஞ்சால் சாப்பிடமாட்டா," என்றார். மாமா குடித்தே செத்தவர். தொடமாட்டேன் என்று அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் இவர் இங்கே வந்தார். அது எனக்கும் தெரியும். அதனால் அன்று நானும் பேசாமல் இருந்தேன். பிழை விட்டது அங்கேதானோ?

மாமி மறக்கவில்லை. வெஸ்ட்மீட்டில் ஆய்வுகூட வேலைக்கு நான் திரும்பும்போது பிள்ளையைப் பார்க்க அவர் வருவதாக இருந்தது. விசாவும் வந்துவிட்டது. இப்போது, தாய் குடிக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாராம். கணவர் இதை ஊர்ப் புதினம் போலச் சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் அவளுக்குப் புத்தி சொல்லுறன் எண்டனான்."

அந்த ஒரு வசனத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கிளாஸை யோசிக்காமல் தந்திருக்கலாம். இதை யோசித்துத்தானே சொல்லியிருப்பார்?

இன்னும் மூன்று கிழமையில் வேலை தொடங்குகிறது. உண்மையைச் சொன்னால் மாமி நம்பியிருக்கும் சத்தியத்தை உடைத்தவள் நானாவேன். சொல்லாவிட்டால் என் பிள்ளைக்குப் பாலோடு வைன் கொடுத்தவளாகவே இருப்பேன். வாசிக்கிற அக்காமார், அன்ரிமார், என் இடத்தில் நீங்கள் இருந்தால் மாமிக்குக் கோல் எடுப்பீர்களா? எடுத்தால் முதல் வார்த்தையாக என்ன சொல்வீர்கள்? எனக்கு எழுதுங்கள்.