பின்னோக்கி நீந்திய கல்

அரியலூரில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று சொன்னால் அரியலூர்க்காரர்களே சிரிப்பார்கள். கோடையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியவர்களிடம் போய்க் கடலைப் பற்றிப் பேசினால் வேறென்ன செய்வார்கள்? என் மனைவி பேசினாள். ஆண்டு தவறாமல் பேசினாள். அவள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நான் அதே பள்ளியில் ஓவிய ஆசிரியர். அதாவது, மற்ற ஆசிரியர்கள் விடுப்பில் போகும்போது அவர்களுடைய வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்பவன். மிச்ச நேரத்தில் மாம்பழம் வரையச் சொல்லித் தருபவன்.

அவள் பேச்சுக்கு ஆதாரம் கற்கள். செந்துறைப் பக்கம் மழை பெய்து ஓய்ந்த ஓடைகளிலும், சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களின் ஓரத்திலும், ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்ட கற்கள் கிடைக்கும். அவை கற்களாவதற்கு முன் கடலில் நீந்திய உயிர்கள். ஓட்டுக்குள் உடம்பு, ஓட்டின் வாயில் கண்ணும் கொத்தாகக் கைகளும். அம்மோனைட் என்று பெயர். விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போய்ப் பொறுக்கி வருவாள். எங்கள் வீட்டில் டிவி மேல், அலமாரி மேல், அரிசி டின் மேல் எல்லாம் ஆதிகாலத்துக் கடல் உட்கார்ந்திருந்தது.

கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் ஆரம்பிப்பார்.

"என்ன மாஸ்டர், உங்க வூட்ல அரிசியில கல்லு பொறுக்கறதே இல்லையாமே? எல்லாத்தையும் டீச்சர் கண்காட்சிக்கு எடுத்து வச்சிர்றாங்களாம்?"

நானும் சிரித்துத் தொலைப்பேன். கட்டிய பாவத்துக்கு அவள் பக்கம் பேசியிருக்கலாம். ஆனால் நகைச்சுவை நன்றாக இருந்தால் எதிரியையும் மதிப்பது என் சுபாவம்.

விஷயம் வேடிக்கையாக இல்லாமல் போனது, இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு பள்ளி அறிவியல் கண்காட்சியில். ஊர் மக்களும் வந்து பார்க்கும் நாள் அது. அவள் மேசை மீது வெள்ளைத்துணி விரித்துக் கற்களை வரிசையாக வைத்திருந்தாள். வந்தவர்கள் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர், "இத அரைச்சுக் குடிச்சா எதுக்குங்க ஆவும்?" என்றார். இன்னொருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கங்கைகொண்ட சோழபுரத்துலேர்ந்து பேத்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். அவள் பொறுமையாக விளக்கினாள். அவர்கள் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, கல்லைத் தொப்பென்று வைத்துவிட்டு, அடுத்த மேசையில் சமையல் சோடாவும் வினிகரும் கக்கிக்கொண்டிருந்த எரிமலைக்குப் போனார்கள். அந்த எரிமலை கணக்கு வாத்தியார் வகுப்புப் பிள்ளைகளுடையது.

மாலையில் தலைமை ஆசிரியர் வந்து தன்மையாகத்தான் சொன்னார். "அடுத்த வருசமும் ஆளு நிக்கலைன்னா, மேசைய எரிமலைக்குக் குடுத்துடலாம்மா. அவங்களுக்கு எடம் பத்தல."

அன்று பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். கல் மூட்டை என் மடியில் இருந்தது. வாரணவாசி கிராமத்தைத் தாண்டும்போது சொன்னாள்:

"கல்லுன்னா யாரு நம்புவா? அது நகரணும்ங்க. ஒரு தடவை நகர்ந்துட்டா நம்பிடுவாங்க."

"நகர வச்சிடுவோம்" என்றேன். மாம்பழத்தைத் தவிர வேறெதையும் வரைந்து பெயர் வாங்காதவனுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. மடியில் இருந்த கனம்தான் பேசியிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு பள்ளி திறந்ததிலிருந்து வரைந்தேன். தாளில் பென்சில், அதன் மேல் இந்தியன் இங்க். ஒவ்வொரு படத்திலும் அந்தப் பிராணி விரலளவு நகர்ந்திருக்கும், கைகள் கொஞ்சம் விரிந்திருக்கும், குமிழிகள் சற்று மேலே போயிருக்கும். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"ஏங்க, இது முன்னால போவுதே."

"பின்ன?"

"இது பின்னாலதாங்க போவும். தண்ணிய முன்னால பீச்சியடிச்சிட்டு, அந்த வேகத்துல ஓடு முன்னாடி போக, மூஞ்சி பின்னாடி வரும்."

"மூஞ்சி இருக்கற பக்கம்தான் எதுவும் போவும். பஸ்ஸப் பாரு, மாட்டப் பாரு."

"பஸ்சு ரிவர்ஸ் எடுக்காதா?"

"அதுக்குக் கண்டக்டர் எறங்கி விசிலடிக்கணும். கடல்ல யாரு அடிப்பா?"

ஓவியம் என் துறை என்று ஒரு போடு போட்டேன். அறிவியல் யார் துறை என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுடைய கேள்வி என்பது புரியும் அளவுக்கு எங்களுக்கு அப்போது கல்யாணமாகி நாளாகவில்லை.

முப்பத்தாறு படங்கள் சேர்ந்தன. அவற்றைக் கணினிக்குள் ஏற்ற, பெரம்பலூரில் பஸ் நிலையம் அருகே ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நடத்தியவர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் ஓர் அச்சகத்தில் இருந்துவிட்டு, ஸ்கேனரும் பெரிய திரை வைத்த கணினியுமாகத் திரும்பியிருந்தார். ஊரே அவரை பாய் என்றது, நானும் அப்படியே. முதல் நான்கைந்து படங்களை ஸ்கேன் செய்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. எல்லாம் ஒரே படமா இருக்கு. ஒண்ணு வரைஞ்சு மிச்சத்த ஜெராக்ஸ் போட்டிருக்கலாமே?"

விளக்கினேன். அவர் முகம் மாறியது. பக்கத்து நாற்காலியில் மின்னஞ்சல் பார்க்க வந்தவரை, "பத்து நிமிசம் பொறுங்க அத்தா, சாரோட வேலை நடக்குது" என்று ஓரங்கட்டினார்.

படம் வரைவதற்கான மென்பொருள் அவரிடம் இருந்தது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் தாஜ்மகாலை நிறுத்துவதற்காக வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு படத்தையும் ஒரு கண்ணாடித் தாள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். லேயர் என்பார்கள். அடுக்கியதைக் கீழே உள்ள டைம்லைன் என்னும் பட்டையில் வரிசையாக இறக்கிவிட்டால், படத்துக்குப் படம் தாவி, நின்றது நடக்கும். இவ்வளவும் உதவிப் பக்கத்தை அகராதி வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டது. ஆங்கில இலக்கியத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஓர் எண்ணம் உண்டு. அந்த உதவிப் பக்கம் அதை ஒரே நாளில் தீர்த்து வைத்தது.

முதல் ஓட்டத்துக்கு இரண்டு படங்களை மட்டும் இறக்கிப் பார்த்தேன். பிராணிக்குக் குளிர் காய்ச்சல். ஸ்கேன் செய்தபோது தாள்கள் மயிரிழை விலகியிருந்ததால் கடலே வெடவெடத்தது. தாள்களின் மூலையில் ஒரு கூட்டல் குறி போட்டு வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது. லேயர் லேயராக நகர்த்திக் குறிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினேன். அதற்கே இரண்டு சனிக்கிழமைகள் போயின.

கடைசிச் சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பாய் அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அடுக்கிய லேயர்களை டைம்லைனுக்கு இறக்கினேன். ஓட்டும் பொத்தானை அழுத்தினேன்.

பிராணி பின்னால் போனது.

வலது கோடியில் ஓட்டைக் காட்டிக்கொண்டு நுழைந்து, கைகளை வந்த பக்கம் ஆட்டியபடி, முதுகுப்புறமாக இடது கோடிக்குப் போய் மறைந்தது. பிறகு மறுபடியும். நான் விழித்தேன். நடந்தது இதுதான்: மென்பொருள் முதல் படத்தை மேலேயும் கடைசிப் படத்தை அடியிலும் அடுக்கியிருக்கிறது. டைம்லைனில் இறக்கும்போது அடியிலிருந்து எடுத்திருக்கிறது. விடைத்தாள் கட்டைக் கவிழ்த்து வைத்துத் திருத்த ஆரம்பித்தால் கடைசி எண் முதலில் வருமே, அந்த மாதிரி. வாத்தியார் தொழிலில் இருப்பவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

மாற்றி அடுக்க மவுஸைப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதீங்க."

"தலைகீழா ஓடுது."

"இல்ல. இப்பத்தான் சரியா ஓடுது."

பாய் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன டீச்சரம்மா, கம்ப்யூட்டரும் உங்க கட்சியா?"

"அது படிச்ச கம்ப்யூட்டர் பாய்" என்றாள்.

அவள் முகத்தை அன்று பார்த்தேன். ஓடைகளில் வருடக்கணக்காகக் குனிந்து பொறுக்கியது அவள் எதிரில் நீந்திக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, சினிமாக் கொட்டகையில் முதல் வரிசையில் உட்கார்ந்த பிள்ளை போலப் பார்த்தாள். தோற்றுப்போனதில் எனக்கு அவ்வளவு பெருமை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நான் வரைந்த கோடு ஒன்றுகூட வீணாகவில்லை. போகும் திசை மட்டும் அவளுடையது.

பாய்தான் அடுத்ததைக் கண்டுபிடித்தார். "எல்லாம் சரி சார். குமிழி கீழ போவுதே? சோடாவுல மேலதானே வரும்?"

எல்லாம் தலைகீழாக ஓடும்போது குமிழி மட்டும் மேலே போகுமா? ஒவ்வொரு படத்திலும் குமிழிகளை அழித்து, மறுபடி சரியான திசையில் மவுஸால் வரைந்தேன். மவுஸால் வட்டம் போடுவது, ஈரச் சோப்பைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவது போல. பாய் டீ வரவழைத்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் தம் வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளைகளை வரச் சொல்லிக் காட்டினார். "மாஷா அல்லா, நம்ம கடையில உண்டானது" என்றார். எங்கள் மூவரில் அதிகமாக நெஞ்சை நிமிர்த்தியது அவராகத்தான் இருக்கும்.

கண்காட்சி நாள். கணினி அறையிலிருந்த மானிட்டரை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தூக்கிவந்து மேசையில் வைத்தோம். பக்கத்தில் அதே கற்கள். பிராணி திரையில் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. முதலில் வந்தவர் கணக்கு வாத்தியார். கைகளைக் கட்டிக்கொண்டு நான்கு முறை பார்த்தார்.

"மாஸ்டர், ஒரு குமிழி மட்டும் கீழ போவுது."

அழிக்காமல் விட்டது ஒன்று. கணக்கு வாத்தியார் என்றால் சும்மாவா.

"அது ஏற்கனவே கல்லாயிடுச்சு சார்" என்றேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் என் நகைச்சுவைக்குச் சிரித்தார். சிரித்துவிட்டு, போகாமல் நின்றார்.

செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சின்னப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார்.

"இது எங்க வூட்ல கெடக்கே. கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கோம்."

"அதுவும் இதுதாங்க" என்றாள் என் மனைவி. "உங்க கொல்லையில நீந்திக்கிட்டு இருந்துச்சு."

"பின்னாலயேவா போவும்?"

"ஆமாங்க."

அந்த அம்மா யோசித்தார். "அதுவும் சரிதான். முன்னால வர்றவன் மேல ஒரு கண்ணு வச்சிக்கிட்டே போவலாம்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு கல்லை எடுத்தார். வாய்ப் பக்கம் தம்மை நோக்கி இருக்கும்படி திருப்பிப் பிடித்து, மேசைக்கு மேலே காற்றில், மெதுவாக, முதுகுப்புறமாக ஓட்டிக் காட்டினார். இடுப்பிலிருந்த பெண் கைகளை விரித்து ஆட்டியது. பிறகு கல்லைக் கீழே வைத்தார். தொப்பென்று அல்ல, முட்டையை வைப்பது போல.

என் மனைவி ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். அந்தக் கண்காட்சிகளில் அவள் விளக்கம் தேவைப்படாமலே ஒருவர் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு மேசையைச் சுற்றி நிற்க இடமில்லை. எரிமலை இரண்டு முறை கக்கியதை யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் முறை கக்க வைக்க வேண்டிய பிள்ளைகளே எங்கள் மேசைக்கு வந்துவிட்டார்கள். மேசையைப் பற்றித் தலைமை ஆசிரியர் எங்களிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. வர முடியாத அளவுக்கு அவருக்கு வேறு வேலை வந்திருந்தது. மதியத்துக்குள் மைதானம் முழுவதும் பிள்ளைகள் கைகளை முன்னால் விரித்து ஆட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். மரத்தில் மோதினார்கள், ஒருவர் மேல் ஒருவர் மோதினார்கள், டீயோடு வந்த கணக்கு வாத்தியார் மேல் மோதினார்கள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. தலைமை ஆசிரியரின் குரல்:

"மாணவ மாணவியர் அனைவரும் தயவுசெய்து முன்னோக்கி நடக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

பாராட்டுப் பத்திரங்கள் பிற்பாடு ஒன்றிரண்டு எனக்கும் வந்திருக்கின்றன. எதிலும் இவ்வளவு எழுதியிருக்கவில்லை.