சூடம் அணைத்த கை

எழுபத்தெட்டாம் வருஷமோ எழுபத்தொன்பதோ, போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலையில் இருந்தேன். மலையிலிருந்து வரும் காயைத் தரையில் கொட்டி, பருமனும் பச்சை நிறமும் பார்த்துப் பிரிக்க வேண்டும். நாற்பது பெண்கள் இருந்தோம். அதில் கிறிஸ்தவர்கள் இரண்டே பேர், நானும் என் தெருக்காரி ஒருத்தியும். அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லோரும் என்னை நல்லவள் என்று சொல்ல வேண்டும், எனக்கு அது ஒரு வியாதி. "உன்னப் பாத்தா வேதக்காரி மாதிரியே இல்லக்கா" என்று மற்ற பெண்கள் சொன்னால் உச்சி குளிர்ந்துபோகும். அதைப் பாராட்டு என்று நினைத்த மக்கு நான். என் தெருக்காரி அப்படி இல்லை. அதிகம் பேச மாட்டாள், சொன்னால் சொன்னதுதான்.

ஒருநாள் மதியம், வெளியூர் வியாபாரிக்குக் காட்டுவதற்காக எடுத்துவைத்திருந்த முதல் தரக் காய் இருந்த சின்னப் பை காணாமல் போனது. எங்கள் பக்கத்தில் இப்படி நடந்தால் உடனே போலீசுக்குப் போக மாட்டார்கள். தட்டில் சூடம் ஏற்றி வைப்பார்கள். நான் எடுக்கவில்லை என்று சொல்லி ஒவ்வொருத்தியும் உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்று பயம். அணைக்க மறுத்தால் எடுத்தவள் அவள்தான் என்று முடிவு.

வரிசையில் என் தெருக்காரி எனக்கு முன்னால் நின்றாள். முறை வந்ததும் கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் எடுக்கல மொதலாளி. எடுக்கலேன்னா எடுக்கலதான். சத்தியம் பண்ணக்கூடாதுன்னு எங்க வேதத்துல இருக்கு."

முதலாளி கெட்டவர் இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தாரோ என்னவோ, என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீயும் வேதக்காரிதான? அப்படியா இருக்கு?"

இருக்கிறது. உள்ளதை உள்ளது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொன்னால் போதும், அதற்கு மேல் சத்தியம் வேண்டாம் என்று இயேசு சொன்னதைச் சின்ன வயதிலேயே ஒப்பித்தவள் நான். ஆனால் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். வீட்டுக்காரர் ஆஸ்துமாவில் படுத்திருந்தார், என் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் கூலி போய்விடும் என்பதைவிட, அந்த முகங்கள் என்னை விட்டுத் திரும்பிவிடுமே என்றுதான் அதிகம் பயந்தேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மொதலாளி" என்றேன். சொன்னதோடு நிற்காமல், முன்னால் போய்ச் சூடத்தையும் அணைத்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை உதறிக் காட்டிவிட்டு வெளியே போனாள். களவாணி என்ற பேச்சு அவளுக்கு முன்பே தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பத்தே நாளில் போடிமெட்டு ஜீப்பில் ஏறி, மேலே ஓர் எஸ்டேட்டுக்குக் களையெடுக்கப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். நான் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனேன், பாட்டும் பாடினேன்.

பொங்கலுக்கு முன்னால் கடைக்கு வெள்ளையடிக்கப் பலகைகளை நகர்த்தியபோது, சுவரோரம் அந்தப் பை கிடந்தது. எலி இழுத்துப் போட்டிருக்கிறது. முதலாளிக்கு முகம் செத்துப்போனது. அவளைக் கூட்டிவரச் சொல்லி என்னையே அனுப்பினார்.

மேலே ஒரே சாரல். தோட்டக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். பாதியாக மெலிந்திருந்தாள். பாலில்லாமல் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். பை கிடைத்துவிட்டது என்றேன்.

"நான் எடுக்கலேன்னு எனக்குத் தெரியும்லக்கா. எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியல. அந்தக்காவே வேதத்துல இல்லன்னு சொல்லிருக்கு, ஒனக்கு மட்டும் என்னன்னு கேட்டு வெளிய தள்ளிட்டாரு."

அழுதேன். மன்னித்துவிடு என்று அவள் கையைப் பிடித்தேன். கையை அவள் விலக்கிக்கொள்ளவில்லை.

"சூடத்த அணைச்சதுக்குக் கோவமில்லக்கா. பயந்துட்ட. வேதத்துல இல்லன்னு எதுக்குச் சொன்ன?"

 முதலாளி கூப்பிட்டதைச் சொல்லியும் அவள் என்னோடு வரவில்லை. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் கடையில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். வேதத்தில் இருக்கிறது, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவள் புருஷன் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டான். கடைப் பெண்களோ, "விடுக்கா, வயித்துப்பாடு, யாருதான் பயப்பட மாட்டா" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். ஒருத்திகூட என்னிடம் முகம் கொடுக்காமல் போகவில்லை.

கடவுள் என்னை மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் இன்றைக்கும் யாராவது என்னை நல்லவள் என்று சொன்னால், அந்தப் பெயருக்காக அன்று நான் யாரைக் கைவிட்டேன் என்பதுதான் முதலில் நெஞ்சில் வந்து நிற்கிறது.