எங்கள் அறைக்குள் தேடிய முகவரி

சுனாமி நேரம் எங்கள் நிவாரண அலுவலகத்தில் இணையம் இல்லை. கணினிகளை ஒன்றோடொன்று இணைத்த காத்தான்குடி நஸ்ரின், மனதில் வந்த எண்களையே அவற்றுக்கு ஐ.பி. முகவரிகளாக, அதாவது ஒவ்வொரு கணினிக்கும் உரிய அடையாள எண்களாக, கொடுத்திருந்தார். இணையம் வந்த பிறகும் அவற்றை யாரும் மாற்றவில்லை.

யுத்தம் முடிந்ததும், காணாமற்போன மகனைத் தேடிப் பனிச்சங்கேணியிலிருந்து ஓர் அம்மா வந்தார். காணாமற்போனவர்களைத் தேடித்தரும் வெளிநாட்டு அமைப்பொன்றின் தளத்தில் பதிய வேண்டும். மற்றத் தளங்களெல்லாம் திறந்தன. அது மட்டும் திறக்கவில்லை. "அது வேலை செய்யல்லம்மா" என்று அவரைத் திருப்பித் திருப்பி அனுப்பினேன்.

நஸ்ரின்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். அன்று அவர் கொடுத்த எண்கள் இணையத்தில் அந்த அமைப்பின் தளத்துக்கு உரியவை. அதனால் எங்கள் கணினிகள் அந்தத் தளத்தை வெளியே போய்த் தேடாமல், எங்கள் அறைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தன.

எண்களை மாற்றினார். அதோடு பேசாமல் இருந்திருக்கலாம், எவருக்கும் தெரிந்திராது. ஆனால் அந்த அம்மா அடுத்த முறை வந்தபோது, நஸ்ரின் நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, அந்தத் தளத்துல பிழை இல்ல. ஆருக்கோ சொந்தமான நம்பர நான் எடுத்துப் போட்டுட்டன். என்ட பிழை."

அம்மா அவர் கையைப் பிடித்தார். "அது திறக்காத ஒவ்வொரு நாளும் என்ட புள்ள இல்லையாக்கும் எண்டு நினைச்சன், மகள். இப்ப பதியலாமா?"

நஸ்ரின் கணினிக்கு முன்னால் அவருக்கொரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"வேலை செய்யல்ல" என்று இப்போது நான் எவரிடமும் சட்டென்று சொல்வதில்லை. பிழை எங்கள் அறைக்குள் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.