‘கேல்’ என்று சொன்னேன்

நாம் உழக்கு, படி, மரக்கால் வைத்திருப்பதுபோல இந்த ஊர் வெள்ளைக்காரர்கள் காற்றுக்கு அளவு வைத்திருக்கிறார்கள். கோலாலம்பூர்க் கோர்ட்டில் மொழிபெயர்க்கும் துபாஷி வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கை. சட்டை படபடத்தால் பிரீஸ். கிளை முறிந்தால் கேல். அதற்கும் மேலே இன்னொன்று. அதிலும் இந்தக் கேல் சரியான பச்சோந்தி. பழைய பாட்டில் வந்தால் தென்றல். மாலுமி வாயில் வந்தால் கப்பல் பாயைச் சுருட்டு என்று அர்த்தம். விருந்தில் துரைமார் கூட்டமாகச் சிரித்தாலும் கேல்தான். நமக்கோ எல்லாம் காற்று. ஊரையே வாரிக்கொண்டு போனாலும் காற்று.

நாகப்பட்டினத்துக் கரையில் அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருக்களில் பெரியதன் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் வந்துவிடும் என்று பயம். ராத்திரியில் பாம்பைப் பூச்சி என்கிறோமே, அதுபோல. ‘காத்து வந்த வருஷம்’ என்றால் போதும், கேட்டவனுக்குப் புரிந்துவிடும்.

ஒருநாள் கோர்ட்டுக் கூண்டில் நின்ற ஆரோக்கியமும் எங்கள் கரைக்காரர்தான். சாலாக் செலாத்தான் ரயில் கேட்டில் காவல். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கொடுத்த லயத்து வீட்டில் மனைவி, மூன்று குழந்தைகள். ரயில் வரும் நேரத்தில் கேட் திறந்து கிடந்து, மாட்டுவண்டி தண்டவாளத்தில் ஏறிவிட்டது. வண்டிக்காரன் குதித்துப் பிழைத்தான், மாடுகள் செத்தன. தூங்கிவிட்டார் என்பது பிராது. பூட்டித்தான் இருந்தேன், காற்று சங்கிலியை அறுத்துவிட்டது என்றார் அவர். அறுந்த சங்கிலி மேசைமேல் கிடந்தது. தப்பிப்பதற்காகப் பிறகு அவரே அறுத்தார் என்றார்கள் பிராது கொடுத்தவர்கள். ஜெயில் என்றால் வேலை போகும், லயமும் போகும். அவர் பெண்சாதி குழந்தைகளோடு தெருவில் நிற்கவேண்டியதுதான்.

“எப்படிப்பட்ட காற்று?” என்றார் மாஜிஸ்திரேட் துரை. நான் தமிழில் கேட்டேன்.

“காத்துங்கய்யா.”

“எவ்வளவு பெருசு?”

“காத்துங்க. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?”

“விண்ட்” என்றேன். சத்தியம் செய்தவன், கேட்டதைத்தானே சொல்லமுடியும்? துரை அதை எழுதிக்கொண்டார். வெறும் விண்டா இரும்புச் சங்கிலியை அறுக்கும்? அடப் பாவி மனுஷா, வாயைத் திறந்து சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் திட்டினேன்.

“கேலா என்று கேள்” என்றார் துரை.

எப்படிக் கேட்பது? தமிழில் அந்தப் பெரியதன் பெயரைச் சொன்னால் மனுஷர் சிலுவை போட்டுக்கொண்டு ‘இல்லை’ என்று தலையாட்டிவிடுவார். யோசித்துக் கேட்டேன்: “அண்ணே, காத்து வந்த வருஷம்னு நம்ம பக்கம் சொல்றோமே, அந்தக் காத்தா?”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, அது இல்லீங்க. மாதா மேல ஆணையா அது இல்ல. அதுல பாதி இருக்கும்.”

“கேல்” என்றேன்.

துரை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “அவன் அவ்வளவு பேசினான், நீ ஒரு சொல் சொல்கிறாய். எந்தக் கேல்? பாட்டுக்காரன் கேலா?”

“மாலுமியின் கேல். ஊரை அழிக்கிற காற்றில் பாதி என்கிறார்.”

“அதில் பாதி கேல்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்?”

துபாஷி சொந்தக் கதையைக் கோர்ட்டில் பேசக்கூடாது. பேசினால் என் வேலைக்கே உலை. இருந்தும் சொன்னேன். “முழுசில் நான் இருந்தேன். என் தாயும் இரண்டு தங்கைகளும் அதில் போனார்கள்.”

துரை சங்கிலியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு விண்ட் என்பதை அடித்துவிட்டுக் கேல் என்று எழுதினார். ஆரோக்கியத்தை விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாக இருந்தது முகம். “துரைகிட்ட கடைசியா என்னமோ சொன்னீங்களே, அப்புறந்தான் அவரு மனசு மாறிச்சு. என்னங்கய்யா சொன்னீங்க?”

சொல்லத்தான் வாயெடுத்தேன். கோர்ட்டுக்குள்ளே இங்கிலீஷில் தடுமாறாமல் சொன்னதுதானே? தமிழில் அது வரவில்லை. “ஒண்ணுமில்லண்ணே, காத்தப் பத்தித்தான்” என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, கையையும் விடவில்லை.

இதை வாசிக்கிற ஊர்க்காரர்களே, அந்தப் பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை, பார்த்தீர்களா? இங்கிலீஷில் எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன். அந்தப் பாஷையில் எனக்கு யாரும் சாகவில்லை.