காய்ச்சல் என்று எழுதப்பட்ட பகல்

பிரெஞ்சு பேசும் கனேடிய நகரொன்றின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் வசிக்கும் பாலாம்பிகைக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒன்பது கோடைகளாக, காலை ஐந்து பத்துக்கு வரும் தியாகலிங்கத்தின் வான் வண்டியில் ஏறி, ஆற்றுக்குத் தெற்கேயுள்ள ஸ்ட்ரோபெரித் தோட்டத்துக்குப் போய்வருகிறார். வண்டியோட்டியும் மேற்பார்வையாளனும் தியாகலிங்கம்தான்.

பக்கத்துச் செடி நிரையில் குவாத்தமாலாவிலிருந்து வந்த எஃப்ராயின் பழம் ஆய்வான். பாலாம்பிகையைத் 'தோன்யா' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே அவருடைய பெட்டிக்குள் அழுகல் பழம் போட்டுச் சிரிப்பான். தண்ணீர்ப் பீப்பா வயலின் மறுகோடியில் இருந்தது. போய்வந்தால் ஒரு பெட்டி குறையும். பெட்டி குறைந்தவனை அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள். அவன் போவதில்லை.

யூலை இரண்டாம் தேதி, வெப்பம் முப்பத்துநான்கு பாகை. பிற்பகல் ஒன்று இருபதுக்கு எஃப்ராயின் சரிந்து விழுந்தான். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, ஆனால் துளி வியர்வை இல்லை, நடுங்கினான். பாலாம்பிகை காய்ச்சல் என்றார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வாரோ அதையே செய்தார்: விடியற்குளிருக்கென்று கொண்டுவந்த கம்பளிச் சால்வையால் கழுத்துவரை போர்த்தி, சுடுதண்ணிப் போத்தலில் இருந்த மல்லித்தண்ணியைப் பருக்கினார். தியாகலிங்கம் வேலைக் கணக்குக் கொப்பியில் 'காய்ச்சல்' என்று எழுதிவிட்டுப் போனான். அம்புலன்ஸ் கூப்பிட்டபோது மணி இரண்டு ஐந்து. மாலை எஃப்ராயின் இறந்துபோனான்.

விசாரணை அதிகாரி வரும் நாள் காலையில் தியாகலிங்கம் மெல்லச் சொன்னான்.

"அக்கா, காய்ச்சலோடதான் வேலைக்கு வந்தவன் எண்டு சொல்லுங்கோ. நீங்கள்தானே அண்டைக்குச் சொன்னனீங்கள்."

"நான் சொன்னது பிழை, தம்பி. போர்த்தினதும் பிழை. வெய்யில்தான் அவனைக் கொன்றது."

அதிகாரியிடம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒன்றும் மறைக்காமல் சொன்னார்: பீப்பா இருந்த தூரம், பெட்டிக் கணக்கு, சால்வை, சுடுதண்ணி, வீணாய்ப்போன நாற்பத்தைந்து நிமிடம். பழி தன்னிலும் விழட்டும், எஃப்ராயினின் மனைவிக்கு உண்மை போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைத்தார்.

ஆறு வாரத்துக்குப் பிறகு அறிக்கை வந்தது. பீப்பாவும் பெட்டியும் அதில் இல்லை. சக தொழிலாளி ஒருவரின் தவறான முதலுதவியே முக்கிய காரணம் என்றிருந்தது.

அன்று பின்னேரம் தியாகலிங்கம் பாலாம்பிகைக்குப் போன் எடுத்தான்.

"முதலாளிக்கு உங்களில நல்ல சந்தோசம், அக்கா. திங்கள் வாறீங்கள்தானே?"

அந்த அறிக்கையை எஃப்ராயினின் மனைவிக்கும் அனுப்பினார்களா என்று பாலாம்பிகை கேட்டார்.

"ஓம், ஓம். ஸ்பானிஷிலயே அனுப்பியாச்சு."