பிரேக்கு வாத்தியார் குதிரை ஏறிய கதை

கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர் அவர். எல்லாரும் வைத்த பெயர் பிரேக்கு வாத்தியார். அவருடைய காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் இவர் காலடியில் இன்னொரு பிரேக். எதிரே நாய் வந்தாலும் மிதிப்பார், வரலாம் என்று தோன்றினாலும் மிதிப்பார். அவரிடம் படித்தவர்கள் சொந்தக் காரில் ஏறிய பிறகுதான் வண்டியை நிறுத்துவதும் தங்கள் வேலைதான் என்று தெரிந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய மைத்துனர் அடிக்கும் கிண்டல். வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருக்காது. மனைவி குரலை உயர்த்தினால் மேஜைக்கடியில் தரையை அமுக்கும்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள். கணக்குப் படிப்பு படித்துத் தேறியவள், மலையடிவாரத்தில் இருந்த குதிரை லாயத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி, காட்டுப்பாதையில் கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கூட்டிவரும் வேலை. கேட்டதும் வாத்தியார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அவருடைய மாமனார் வண்டிக் குதிரையிடம் உதை வாங்கி, முன்பல் இல்லாமலே சம்பந்தம் பேச வந்தவர். குதிரை என்றால் இவருக்கு அந்தப் பொக்கை வாய்தான் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

மைத்துனர் தன் கம்பெனியிலேயே மருமகளுக்கு ஒரு நாற்காலி பிடித்துவைத்தார். திங்கட்கிழமை போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி. மகள் மாட்டேன் என்றாள், இவர் விடமாட்டேன் என்றார். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை எங்கூட வந்து ஏறிப் பாருங்கப்பா. இறங்கின பிறகும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா, நான் விட்டுடறேன்."

வாத்தியாருக்கு அது மலிவான பேரமாகப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று உட்கார்ந்துவிட்டால் மகள் வீடு வந்து சேர்ந்துவிடுவாள்.

சனிக்கிழமை காலை ஹெல்மெட்டை மாட்டி, சாம்பல் நிறக் குதிரை ஒன்றின் மேல் அவரை ஏற்றிவிட்டாள். குதிகாலால் வயிற்றை அழுத்தினால் போ என்று அர்த்தம், கடிவாள வாரை இழுத்தால் நில் என்று அர்த்தம். இரண்டு தடவை சொன்னாள். இவரும் தலையாட்டினார். காதுவரைக்கும் வந்த சேதி காலுக்குப் போய்ச் சேரவில்லை.

முன்னால் மகள், அடுத்து இவர், பின்னால் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் குதிரைகள் வரிசையாக நடந்தன. வாத்தியார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மகளின் முதுகையே பார்த்துக்கொண்டு போனார். மரங்கள் முடிந்து புல்வெளி விரிந்த இடத்தில், புதருக்குள்ளிருந்து பறவை ஒன்று படபடவென்று எழும்பியது. குதிரைக்கு அது ஒன்றுமே இல்லை. வாத்தியாருடைய கால்தான் பிரேக் என்று நினைத்து மிதித்துவிட்டது, குதிகால் குதிரையின் வயிற்றில் அழுந்தியது.

குதிரை நடையை எட்டிப் போட்டது. ஐயோ, வேகம் பிடிக்கிறதே என்று இன்னும் அழுத்தினார். அது ஓட ஆரம்பித்தது. இரண்டு காலையும் கொடுத்து, முப்பது வருஷப் பழக்கத்தையெல்லாம் திரட்டி, ஒரே மிதியாக மிதித்தார். குதிரை மகளைத் தாண்டிப் புல்வெளியில் பறந்தது.

"அப்பா, காலை எடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. எந்தக் காலை, எங்கே எடுப்பது? சேணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எப்படியும் மகள் பின்னாலேயே பாய்ந்து வருவாள் என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

அவள் வரவில்லை. தன் குதிரையைத் திருப்பி, இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஜோடியையும் அப்படியே நிறுத்தியிருந்தாள்.

 வாத்தியார் கத்தலாமென்று வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. அவள் சைக்கிள் பழகியபோது, கற்றுக்கொண்ட பிறகும் சீட்டை விடாமல் கூடவே ஓடியவர் அவர். பெற்ற மகள், அப்பன் போகிற திசையைக்கூடப் பார்க்காமல் நிற்கிறாள். அந்த அதிர்ச்சியில் இடுப்புக்குக் கீழே இருந்த பலமெல்லாம் வடிந்து, இரண்டு காலும் துணி மாதிரி தொங்கின.

குதிரை வேகத்தைக் குறைத்தது. நின்றது. தன் கூட்டாளிகள் வரவில்லையே என்று தலையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு அதுவாகவே திரும்பி, சாவகாசமாக நடந்து மகளின் பக்கத்தில் வந்து சேர்ந்தது.



"பெத்த அப்பன் போறேன். முதுகைக் காட்டிட்டு நிக்கிற."

"துரத்தினா போட்டின்னு நினைச்சு இன்னும் ஓடும்பா. நாங்க நின்னுட்டா அது தனியாப் போகாது."

"திரும்பி வரலேன்னா?"

 அப்போதுதான் அவள் கையைப் பார்த்தார். வாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. உதட்டில் ரத்தமே இல்லை.

"பயந்துட்டியா?"

"உசுரே போயிடுச்சுப்பா."

"அப்படியும் நின்னியா?"

"நின்னுதாம்பா ஆகணும்."

 குதிரை ஓடியதைக்கூட அவரால் நம்ப முடிந்தது. கண்ணெதிரே அப்பன் போகும்போது, கையைக் காலை அசைக்காமல் இவள் நின்றாளே, அதைத்தான் நம்ப முடியவில்லை. தானாயிருந்தால் துரத்தியிருப்போம், துரத்தியே மகளைக் கொன்றிருப்போம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய குதிரையைக் கயிற்றில் பிணைத்துத் தன் பக்கத்திலேயே நடத்திக் கூட்டிவந்தாள். பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்து வந்தார்.

லாயத்தில் அவரை இறக்கிவிட்டாள். பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பேரத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை. வாத்தியார் பாதித் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டு குடித்தார். அப்புறம் போனை எடுத்து மைத்துனரைக் கூப்பிட்டார்.

"மாப்ள, திங்கட்கிழமை அந்த நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடு."

ஏன், என்ன ஆச்சு என்று மைத்துனர் அந்தப் பக்கம் குடைந்தெடுத்தார். 

"எனக்கே இன்னும் விளங்கல. வீட்டுக்கு வா, உங்க அக்காவையும் வெச்சுக்கிட்டுச் சொல்றேன்."

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். சாம்பல் குதிரையின் சேணத்தை அவிழ்க்கப் போனாள்.